மூடிக்குள் சந்தனம்

சுடலைராஜ் அரிசி மில்லிலிருந்து வரும்போது வாசலில் அந்தச் செருப்பு கிடந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. கறுப்புத் தோல் செருப்பு, குதிகால் தேயாதது. உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் செருப்பு. காலாலேயே அதைத் தள்ளி, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனான்.

தேன்மொழி தரையில் மண்டிபோட்டு, கைபேசி வெளிச்சத்தை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியிலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் சிவசைலத்தின் முதுகும் இரண்டு உள்ளங்கால்களும் மட்டும் தெரிந்தன. உள்ளங்கால்கள் வெள்ளையாக இருந்தன.

"யக்கா, வெளிச்சத்தக் கொஞ்சம் இடது பக்கம். ஆங், அங்கனயே நிறுத்துங்க."

நிறுத்தினாள். கல்யாணமான பதினான்கு வருடத்தில் தான் சொல்லி இவள் எதையும் சொன்ன இடத்திலேயே நிறுத்தியதில்லை என்று சுடலைராஜுக்குத் தோன்றியது.

"வந்துட்டியளா?" என்றாள், திரும்பாமல். "சோறு மூடி வச்சிருக்கு. போட்டுச் சாப்பிடுங்க. கையெடுக்க முடியாது எனக்கு."

அவன் சோற்றைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தான். விளிம்பில் கொடி போட்ட எவர்சில்வர் டம்ளர், தேன்மொழி கல்யாணத்துக்கு வந்தது. அதில் மெக்கானிக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரனுக்கு என்று ஒரு டம்ளர் இருக்கிறது, அடியில் நசுங்கியது. தரையில் வைத்தால் ஆடும்.

சிவசைலம் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தான். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். முடியில் ஒட்டடை.

"அண்ணாச்சி, வாங்க. இது பெரிய ராங்கியால்லா இருக்கு. மவுசும் கீபோர்டும் சேந்தாப்ல சாவுது. பென் டிரைவக் குத்தினா காட்ட மாட்டேங்குது. பொறவு ஸ்கிரீன்ல ஒரு எழுத்து வருது. யூஎஸ்பில கரண்டு கூடப் போவுது, பதினஞ்சு செகண்டுல நிறுத்தப் போறேன்னு. சொன்னபடியே நின்னுருது. நேத்து நல்லா ஓடுன மெஷினு."

"நீ வந்து பாத்தாத்தான் நல்லா ஓடுமோ?" என்றான் சுடலைராஜ்.

சிவசைலம் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். தேன்மொழி சிரிக்கவில்லை. அவளுக்குத் தன் புருசன் குரல் தெரியும்.

மெக்கானிக் தன் வேலையைப் பார்த்தான். பின்னால் செருகியிருந்த நாலு முனை யூஎஸ்பி பெட்டியைப் பிடுங்கி எறிந்தான். தன் பையிலிருந்து வேறு மவுஸை எடுத்து மாட்டினான். இருந்த மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினி தானே போர்ட்டுகளைத் தூங்க வைக்கும், அதையும் தூங்காதபடி மாற்றினான். ஒவ்வொன்றையும் செய்யும்போது என்ன செய்கிறேன் என்று தேன்மொழியிடம் சொன்னான். அவள் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாள். இரண்டு இடத்தில் அவனுக்கு முந்தி இவளே சொன்னாள். சுடலைராஜுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாத பாசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டால், அந்த இடத்தில் நிற்கிறவன் வீட்டுக்காரன்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"யக்கா, முன்பக்கம் இந்த மூடிக்குள்ள ரெண்டு போர்ட்டு இருக்கும்லா? அதுல ஏதும் குத்துவியளா?"

"இல்லப்பா. ஸ்டூடியோவுலருந்து வந்த நாளையிலருந்து அத தொறந்ததே கெடையாது. எல்லாம் பின்னாலதான்."

"அப்போ அதுல ஒண்ணுமிருக்காது," என்று சிவசைலம் விட்டுவிட்டான்.

சுடலைராஜ் சோற்றை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அது ஆயுத பூசையன்று நடந்தது. தச்சநல்லூர் மில்லில் லாரிக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். சுடலைராஜ் தன் கொக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி வைத்தான். மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி. அவன் கையில் பதினெட்டு வருடமாக இருக்கிறது. பிடி அவன் உள்ளங்கைக்கு ஏற்றபடியே தேய்ந்திருக்கும். அந்தக் கொக்கிதான் இந்த வீட்டுக்குக் கூரை போட்டது.

தேன்மொழி பூசைக்கு எல்லாவற்றையும் மேசை மேலேயே வைத்துவிட்டாள். கணினித் திரைக்கு ஒரு முழம் செவ்வந்தி மாலை. மகள் கலையரசி புத்தகத்துக்குப் பிச்சிப்பூ. கொக்கிக்கு இடம் மேசைக்குக் கீழே, அரிவாள்மணைக்குப் பக்கத்தில். மாலையில் மிஞ்சி உதிர்ந்த ஒரே ஒரு பூ, அதுவும் காம்பில்லாமல்.

"ஏங்க, நான் சுண்டல் தாளிக்கேன். நீங்க அதுக்குப் பொட்டு வச்சிருங்க. பைய வைங்க, ஓட்டையில படாம," என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அதுக்கு என்றால் எதுக்கு என்று அவன் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அந்த வீட்டில் 'அது' என்றால் கணினிதான்.

அந்தக் கணினிப் பெட்டியை ஆட்டோவிலிருந்து தோளில் தூக்கிவந்து இறக்கியதே அவன்தான். அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஜங்ஷனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நூர்முகம்மது பாய் பழைய மெஷினைக் கொடுத்து, கல்யாண ஆல்பம் செய்கிற வேலையையும் கொடுத்தார். போட்டோக்கள் பென் டிரைவில் வரும். தேன்மொழி பக்கம் பக்கமாக அடுக்கி, அழகு பண்ணி, அதே பென் டிரைவில் திருப்பி அனுப்புவாள். வேலை என்னவென்று அவன் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்த அன்றைக்குத்தான் அந்தப் பெருமை போனது. முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளையின் முகத்தைத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கி, கன்னத்தில் இருந்த பருவை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொறுமையாக, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பியாட்டி?" என்று கேட்டான்.

"ஒங்க மூஞ்சிய ஏத்துனா மெஷின் தாங்காது," என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவனுக்குள் அது போய்த் தங்கிவிட்டது.

பூசையன்றைக்கு அது மேலே வந்தது. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து, பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான். அதன் கீழே சின்ன மூடி இருந்தது. நகத்தால் நெம்பினான். உள்ளே இரண்டு பொந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றன. கட்டைவிரலில் சந்தனத்தை அள்ளி, குங்குமத்தையும் தொட்டு, "இந்தா, தின்னு" என்று இரண்டிலும் அமுக்கினான். மூடியைச் சாத்தினான். மறுநாள் தேன்மொழி ஈரத்துணியால் வெளியே இருந்த பொட்டைத் துடைத்துவிட்டாள். உள்ளே இருந்தது உள்ளேயே காய்ந்தது.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழை பிடித்தது. வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறி, தீப்பெட்டிகூட நமுத்துப்போன வாரத்தில் பெட்டி முதல் தடவை நின்றது. வெயில் அடித்தால் ஓடியது. மழை பெய்தால் நின்றது. நின்றபோதெல்லாம் சிவசைலம் வந்தான்.

தன் கட்டைவிரல்தான் அவனை வீட்டுக்குள் கூட்டிவருகிறது என்று சுடலைராஜுக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் வைத்தாய் என்று கேட்பாள். ஏன் வைத்தான்?

மூன்றாவது தடவை வந்த அன்றைக்கு மெஷின் சூடு ஏறி ஓட ஆரம்பித்தது. சிவசைலம் கிளம்பினான். வாசலில் நனைந்த செருப்பைப் பார்த்து, "ஐயோ, எப்படி இங்கன வந்து கெடக்கு" என்று உதறி மாட்டிக்கொண்டான்.

மறுநாள் மில்லில் உடன்குடி ஊர்க்காரன் கிங்ஸ்டன் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான். மழையால் லோடு ஏற்ற முடியாமல் எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழே நின்றார்கள். குறுக்குத்துறையில் ஆற்று வெள்ளத்தில் கோயில் மண்டபம் முங்கிவிட்டது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கிங்ஸ்டன் பேச்சை இந்தப் பக்கம் இழுத்தான்.

"என்ன வே சுடல, ஒம்ம வீட்டு வாசல்ல செவப்பு பைக்கு ஒண்ணு நிக்காம்லா?"

"கம்ப்யூட்டர் பாக்க வாரான்."

"நல்லாப் பாக்கட்டும். என் லாரிக்கு மெக்கானிக் ஒரு தடவ கை வச்சாம்னா ஆறு மாசத்துக்கு எட்டிப் பாக்க மாட்டான். இவன் என்ன வே, வாரத்துக்கு மூணு தடவ வாரான்?"

"ஒம்ம லாரி மூஞ்சிய எவன் வே ரெண்டாந்தடவ பாப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். கிங்ஸ்டனும் சிரித்தான். சுடலைராஜும் சிரித்துவிட்டுத்தான் மூட்டைக்குப் போனான். அன்றைக்குக் கொக்கியை அவன் குத்திய வேகத்தில் இரண்டு சாக்கு கிழிந்து நெல் கொட்டியது. கணக்கப்பிள்ளை கத்தினார்.

சாயங்காலம் வீட்டில் வேறு சேதி காத்திருந்தது. பெட்டி மறுபடி நின்றிருந்தது. மேசையில் ஐந்து பென் டிரைவ்கள் வரிசையாகக் கிடந்தன. தேன்மொழி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பாய் பேசுனாவ," என்றாள். "கல்யாண வீட்டுக்காரங்க ஆல்பம் கேட்டு ஸ்டூடியோவுல வந்து நிக்காவளாம். திங்கக்கெழமைக்குள்ள இது சரியாகலன்னா ஸ்டூடியோவுல வந்து ஒக்காந்து செய்யும்மான்னு சொல்லுதாவ. தெனமும் காலையில போயிட்டு சாயங்காலம் வந்திரலாம்."

"தெனமுமா?"

"ஆமா. அங்கன ரெண்டு பிள்ளைய ஏற்கெனவே வேல பாக்கு. ஏசி எல்லாம் இருக்கு."

நூர்முகம்மது பாய்க்கு அறுபத்தைந்து வயது. நெற்றியில் தொழுகைத் தழும்பு. அவரை வைத்துப் பொறாமைப்பட சுடலைராஜாலும் முடியாது. ஆனால் அந்த ஸ்டூடியோவை அவன் பார்த்திருக்கிறான். கண்ணாடிக் கதவு. கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற பேண்ட் போட்ட பயல்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருப்பார்கள். எல்லாரும் யக்கா யக்கா என்பார்கள். எல்லார் உள்ளங்காலும் வெள்ளையாக இருக்கும்.

"போக வேண்டாம்," என்றான்.

"அப்போ நீங்க சரி பண்ணித் தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இப்போது அவனுக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. பெட்டி செத்தால் இவள் வெளியே போகிறாள். பெட்டி பிழைக்க வேண்டுமென்றால் சிவசைலம் உள்ளே வர வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு வழி இருந்தது. வைத்த கையே எடுத்துவிடுவது.

சனிக்கிழமை மத்தியானம் தேன்மொழி ரேசன் கடைக்குப் போனாள். கலையரசி பள்ளிக்கூட சிநேகிதி வீட்டில் இருந்தாள். சுடலைராஜ் கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு முன்னால் குத்தவைத்தான். சுவிட்சை அணைத்தான். மூடியைத் திறந்தான். சந்தனம் ஓரத்தில் கறுத்து, நடுவில் ஈரத்தில் ஊறிப்போய் இருந்தது. மணமில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, முனையைக் கடித்துத் தட்டையாக்கி, உள்ளே விட்டுக் கிண்டினான்.

எழுபத்தைந்து கிலோவைத் தோளுக்கு ஏற்றுகிற கை அது. ஒரு நெல்மணி அகலமுள்ள பொந்துக்குள் எப்படிப் போக வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொடி உதிர்ந்தது. மிச்சம் இன்னும் உள்ளே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினான். உள்ளே ஏதோ மெல்லிய தகடு வளைந்ததை விரல் உணர்ந்தது. கையை இழுத்தான். ஈர்க்கு முறிந்து, முனை உள்ளேயே நின்றுவிட்டது. நகத்துக்கு எட்டவில்லை. தெருவில் தேன்மொழி யாரிடமோ பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. மூடியைச் சாத்தி, உதிர்ந்த பொடியை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

அதற்குப் பிறகு பெட்டி வெயிலுக்கும் ஓடவில்லை. போட்டதும் எழுத்து வந்தது, பதினைந்து நொடி, நின்றது. தேன்மொழி ஆறு தடவை போட்டுப் பார்த்தாள். ஏழாவது தடவை போடாமல், முந்தானையால் விசைப்பலகையை மூடிக்கொண்டு அழுதாள். இறந்தவர் முகத்தை மூடுகிற மாதிரி இருந்தது. அவள் அழுது அவன் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அவளுடைய அப்பன் செத்ததற்கு அழுதாள். இப்போது இதற்கு. தான் செத்தால் இந்த அளவு அழுவாளா என்றுதான் சுடலைராஜுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கம் பிறகுதான் வந்தது.

"அந்தப் பயலக் கூப்பிடு," என்றான்.

"எந்தப் பய?"

"சிவசைலத்ததான். நாளைக்கு ஞாயித்துக்கெழமதான, நானும் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை சிவசைலம் வந்தான். சுடலைராஜ் செருப்பைத் தொடவில்லை. வெளிச்சம் பிடிக்கிற வேலையைத் தானே வாங்கிக்கொண்டான்.

"இங்கன கொண்டா. நான் பிடிக்கேன். நீ தள்ளி நில்லு," என்றான் தேன்மொழியிடம்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்கு..." என்றான் சிவசைலம்.

"பிடிக்கேன்ங்கேன்லா."

சிவசைலம் இந்தத் தடவை விளையாடவில்லை. பெட்டியை மேசை மேல் தூக்கிவைத்து, பின்னால் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கினான். மவுஸ் இல்லை, விசைப்பலகை இல்லை, ஒன்றும் இல்லை. போட்டான். எழுத்து வந்தது. நின்றது.

"பாத்தியளா? ஒண்ணுமே குத்தல. அப்பவும் யூஎஸ்பில கரண்டு கூடப் போவுதுன்னு சொல்லுது. அப்போ வெளிய உள்ள சாமான்ல கொறையில்ல. உள்ளதான் எங்கனயோ ரெண்டு தகடு ஒண்ணோடொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு. ஒரு எடத்துல தொட்டாலும் போர்டு எல்லாத்தையும் சேத்து அணைச்சிரும், எரிஞ்சிரக் கூடாதுன்னு."

பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசியும் வயர்களும். முன்பக்கத்திலிருந்து வந்து தாய்ப்பலகையில் செருகியிருந்த ஒரு தடித்த வயரைக் காட்டினான்.

"இது முன்பக்க போர்ட்டுக்குப் போறது. இத எடுத்துட்டுப் போட்டுப் பாப்போம்."

சுடலைராஜ் வெளிச்சத்தை அந்த வயரிலிருந்து விலக்கினான்.

"அண்ணாச்சி, இங்கன காட்டுங்க."

வயரை உருவினான். பொத்தானை அமுக்கினான். விசிறி சுற்றியது. பதினைந்து நொடி போனது. இருபது போனது. எழுத்து வரவில்லை. சிவசைலம் பின்னால் மவுஸைச் செருகினான், அதன் வயிற்றில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. விசைப்பலகையைச் செருகினான். எரிந்தது. தேன்மொழி ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள். திரையில் ஒரு கல்யாணம் முழுக்க விரிந்தது.

"யப்பா!" என்றாள். அவள் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பை ஒரு மெக்கானிக் வாங்கிக்கொண்டு போகிறானே என்று, அந்த நேரத்திலும் சுடலைராஜுக்கு எரிந்தது.

"முன்பக்கம்தான் கேடு. என்னன்னு பாப்போம்," என்று சிவசைலம் அந்தச் சின்ன மூடியை நெம்பினான். உள்ளே பார்த்தான். விரலால் தொட்டு மோந்து பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தொடையில் தட்டினான்.

"யக்கா! மெஷினுக்குக் காதுகுத்தி சந்தனம் பூசுனியளா? மொட்டையும் போட்டிருக்கலாம்லா!"

தேன்மொழி குனிந்து பார்த்தாள். பொந்துக்குள் கறுத்த சந்தனம். சிவசைலம் இடுக்கியை விட்டு, அதிலிருந்து ஒன்றை இழுத்து மேசை மேல் போட்டான். முறிந்த ஈர்க்கு முனை. முறிந்த இடம் கறுக்காமல் புதிதாக இருந்தது. கடித்த பல் அடையாளமும் அதில் இருந்தது.

அவள் அந்த ஈர்க்கைப் பார்த்தாள். மூலையில் சாய்ந்திருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். புருசனைப் பார்க்கவில்லை.

"நாந்தாம்ப்பா," என்றாள். "பூசைக்கு வச்சேன். மறந்துட்டேன்."

"நல்ல பூச. போன வருசம் ஒரு வீட்டுல பிரிண்டருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினாவ. இது அதையும் தாண்டிட்டு." வயரை ஓரமாகக் கட்டி வைத்தான். "முன்பக்கத்த இப்படியே விட்டுருங்க. பின்னால உள்ளது போதும். இனி மழைக்கும் நிக்காது. யக்கா, இன்னொண்ணு. தை மாசம் எனக்குக் கல்யாணம். பொண்ணு களக்காடு. ஆல்பம் நீங்கதான் செய்யணும்."

"செஞ்சிருவோம்."

சுடலைராஜுக்கு அந்தச் சொல்லில் நெஞ்சு லேசானது. பயலுக்குக் கல்யாணமா! கல்யாணம் ஆகப்போகிற பயல். வாசல் வரை போய் வழியனுப்பினான். திரும்பி வரும்போதே, இவன் மூஞ்சியையும் திரை அகலத்துக்குப் பெரிதாக்கி உட்கார்ந்து பார்ப்பாளே என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

உள்ளே தேன்மொழி அந்த ஈர்க்கு முனையைக் கையில் வைத்திருந்தாள்.

"சந்தனம் வச்சது சரி. தெரியாம வச்சிருப்பிய," என்றாள். "இது எப்ப?"

அவன் விளக்குமாற்றை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தான்.

"நேத்தா? நான் ரேசன் கடைக்குப் போனப்பவா?"

"சரி பண்ணலாம்னுதாம்ட்டி..."

"அப்போ மொதல்லயே தெரிஞ்சிருக்கு. அந்தப் பையன் மூணு நாளு மேசைக்கடியில கெடந்தான். மூடிக்குள்ள ஏதும் குத்துவியளான்னு கேட்டான். தொறந்ததே கெடையாதுன்னு நான் சொல்லுதேன். நீங்க அங்கன ஒக்காந்து சோறு திங்கிய. ஒரு வார்த்த சொன்னியளா?"

"நீ அவனுக்கு அந்த டம்ளர்ல காப்பி குடுக்க."

அதைச் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"டம்ளரா?" என்றாள். "ஒங்க டம்ளர் ஆடும். அதுல ஊத்துனா வயர் மேல கொட்டிரும்னு இதுல குடுத்தேன். இதுக்காவா?"

"இதுக்கு மட்டும் இல்ல."

"பொறவு எதுக்கு?"

கொக்கிக்கு ஒரு பூ, காம்பில்லாத பூ என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பது வயது ஆம்பிளை சொல்லக்கூடிய காரணமா அது?

அவள் எழுந்து கைபேசியை எடுத்தாள். "பாய், நான் தேன்மொழி பேசுதேன். நாளைக்கு வாரேன். ஆமா, தெனமுமே வாரேன். மெஷினையும் கொண்டாரேன்."

"ஏட்டி, சரியாயிட்டுல்லா? இங்கனயே இருந்து செய்யேன். நீ எதுக்குப் போகணும்?"

"சரியாயிட்டு. அதான் கொண்டு போறேன். இங்கன கெடந்தா அடுத்து இதுக்குள்ள என்னத்த வைப்பியளோ, யாரு கண்டா."

அன்றைக்கு முழுக்க அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அதட்டினான். சாப்பிடாமல் இருந்தான். அவள் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைத்தாள், கலையரசிக்குத் தலை சீவினாள், சீலையை இஸ்திரி போட்டாள்.

திங்கள்கிழமை காலை மழை விட்டிருந்தது. தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. தெரு முழுக்கச் சகதி, உள்ளே வர முடியாது என்றான் ஆட்டோக்காரன். திரையையும் வயர்களையும் தேன்மொழி பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பெட்டி மேசை மேல் நின்றது.

"நான் தூக்குதேன்," என்றான் சுடலைராஜ்.

"பைய," என்றாள்.

தலைத்துண்டைத் தோளில் மடித்துப் போட்டான். பெட்டியைத் தூக்கினான். மூட்டைக்குப் பழகிய தோளில் அது ஒரு பாரமாகவே இல்லை. எட்டுக் கிலோகூட இருக்காது. இதைத் தூக்கி எறிய ஒரு நொடி போதும், சகதியில் கால் வழுக்கினது என்று சொல்லிவிடலாம். முருங்கை மரத்தடியில் அந்த நினைப்பு வந்தது. பின்னால் தேன்மொழியின் செருப்பு சகதியில் சளக் சளக்கென்று வந்துகொண்டிருந்தது. விரல் ஊன்றி, ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்தான். மில்லில்கூட அவன் இவ்வளவு கவனமாக நடந்ததில்லை.

ஆட்டோவின் இருக்கையில் பெட்டியை வைத்தான். தேன்மொழி ஏறி உட்கார்ந்து, குலுங்காமல் இருக்க அதைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கன்னம் அதன் மேல் பட்டது.

"மேசைக்குக் கீழ ஒங்க கொக்கி கெடக்கு," என்றாள். "மறந்துட்டுப் போயிராதிய. இனிம மேல எடுத்து வச்சிக்கிடுங்க. இடம் கெடக்குல்லா."

அவன் தலையாட்டினான்.

"யக்கா, நல்லா புடிச்சிக்கோங்க. பாலத்துல பூரா பள்ளம்," என்றான் ஆட்டோக்காரன், கண்ணாடியில் அவளைப் பார்த்து. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். காலையிலேயே குளித்து, முடியைத் தூக்கிச் சீவியிருந்தான். தேன்மொழி அவன் சொன்னதற்குச் சிரித்தாள்.

ஆட்டோ கிளம்பியது. சுடலைராஜ் சகதியில் நின்று அதன் பின்பக்கத்தைப் பார்த்தான். நம்பர் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டோ திரும்பி மறைந்த பிறகும் உதட்டுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்க் கொக்கியை எடுத்தான். மறந்துவிடக் கூடாது என்று மில் வாசல் வரை சொல்லிக்கொண்டே நடந்தான்.